விருந்து யார்?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். உறவினர் வருகை வேறு, விருந்தினர் வருகை வேறு என்று நம் முன்னோர் பகுத்து வைத்தனர். முன்பு கண்டறியாதவராய், வழிநடந்து களைத்தவராய், வாயிலில் வந்து நிற்பவரே விருந்தெனப்பட்டார். திருக்குறளின் 9-ஆம் அதிகாரம் முழுவதும் இப்பொருள் பற்றியதே என்பதைத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு அமர்ந்தவர் எவரும் அறிவர். ஆயினும் காலம் செல்லச் செல்ல அச்சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. இன்று விருந்தென்றவுடன் வாழையிலையும் வடையும் பாயசமும் நினைவிற்கு வருகின்றனவேயன்றி, வந்தவர் யார் என்னும் வினா எழுவதில்லை. இலையில் வைப்பது யாது என்பதிலுள்ள கவலை, இலைமுன் அமர்வது யார் என்பதில் இல்லை.

இவ்வினாவை நாம் இங்கு எழுப்புதற்குக் காரணம் உண்டு. நம் பினாங்கு நகரின் உயர்நிலைப் பள்ளிகளில், வேற்று நாட்டுப் பிள்ளைகள் சிலர் ஓராண்டோ அதனினும் குறைந்த காலமோ தங்கிப் படித்துச் செல்வதை நகரத்து அன்பர்கள் கண்டிருக்கலாம். பதினைந்து முதல் பதினெட்டு வயதிற்குட்பட்ட இப்பிள்ளைகள், தாய் தந்தையரைப் பிரிந்து, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில் பிள்ளையாய்ச் சேர்ந்து, அவ்வீட்டுச் சோற்றையே உண்டு, அவ்வூர்ப் பள்ளிக்கே செல்கின்றனர். வீட்டார் பெறும் கூலி ஏதுமில்லை. நம் நாட்டுப் பிள்ளைகளும் இவ்வாறே பிற நாடுகளுக்குச் செல்கின்றனர். இதனை மாணாக்கர் பரிமாற்றம் என்பர்.

பண்டத்தைப் பரிமாறினால் இருபுறமும் பொருள் மிஞ்சும். பிள்ளையைப் பரிமாறினால் மிஞ்சுவது யாது? வந்த பிள்ளைக்கு நம்மிடம் என்ன கடமை? நமக்கு அப்பிள்ளையிடம் என்ன கடமை? நம் வீட்டில் ஒரு குறையை விருந்தாளி கண்டால், அதைச் சொல்லும் உரிமை அவர்க்கு உண்டா? இவையே நாம் ஆராயப் புகுந்த பொருள்கள்.

முதற்கண் இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1914-இல் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. 1915-இல் அமெரிக்க இளைஞர் சிலர் பிரான்சுக்குச் சென்று, துப்பாக்கி ஏந்தாமல், அடிபட்டோரை ஏற்றிச் செல்லும் மருத்துவ வண்டிகளை ஓட்டினர். அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ் என்பது அவர்கள் கழகத்தின் பெயர். இரண்டாம் போரிலும் அவர்கள் அப்பணியையே செய்தனர். போர் ஓய்ந்தபின், ஸ்டீபன் கலாட்டி என்பார் தலைமையில் அவர்கள் ஒரு முடிவிற்கு வந்தனர். அடிபட்டபின் மனிதனைத் தூக்கிச் செல்வதினும், அடித்துக்கொள்ளுமுன் மனிதரை ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்வது மேல் என்பதே அது. 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணாக்கர் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வரவழைக்கப்பட்டனர். பெரியவர்களின் மாநாடுகள் பலமுறை பொய்த்ததைக் கண்டவர்கள், பிள்ளைகளின் வகுப்பறையை நம்பினார்கள்.

பின்னர் 2001-இல் நியூயார்க்கில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின், கென்னடி, லூகர் என்னும் இரு செனட்டர்களின் பெயரால், 2002-இல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் வகுத்தது. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் நாடுகளின் மாணாக்கர் அமெரிக்கக் குடும்பங்களில் தங்கிப் படிக்க, முழுச் செலவையும் அரசே ஏற்றது. மலேசியாவும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. ஆக, ஒவ்வொரு முறையும் மனிதர் பெருந்தீங்கு இழைத்தபின்னரே பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பும் எண்ணம் உதித்திருக்கின்றது. முன்னரே உதித்திருக்கலாகாதா?

நிற்க. பினாங்கிற்கு இவ்வழக்கம் முற்றும் புதியதன்று. 1665-இல் சயாம் நாட்டின் அயுத்தியா நகரில் கத்தோலிக்கப் பாதிரிமார் தொடங்கிய குருமடம் ஒன்று, பல இன்னல்களுக்கு ஆளாகி இடம் மாறி, 1808-இல் பினாங்கு வந்து சேர்ந்தது. காலேஜ் ஜெனரல் என வழங்கும் அம்மடத்தில், சீனம், சயாம், வியட்நாம், பர்மா, கொரியா முதலிய நாடுகளின் இளைஞர்கள் புலாவ் திக்குஸ் பகுதியில் ஒன்றாயிருந்து பயின்றனர். அவர்கள் யாவரும் இலத்தீன் மொழியிற் பயின்றனர் என்பது கருதத்தக்கது. அம்மொழி அவர்களுள் எவர்க்கும் தாய்மொழியன்று. ஆதலின் அங்கே ஒருவன் வீட்டுக்காரனாகவும் மற்றவன் விருந்தாளியாகவும் இருக்க இடமில்லை. எல்லாரும் தடுமாறினர், எல்லாரும் கற்றனர்.

அடுத்து, 1816 அக்டோபர் 21-இல் ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தோன்றிற்று. ஃபிரீ என்பதற்குச் சம்பளமில்லாதது என்று சிலர் பொருள் கொள்வர். இனமும் மதமும் பாராது எவர்க்கும் கதவு திறந்தது என்பதே அதன் உட்கருத்து. அப்பள்ளியில்தான் தமிழ் வகுப்பும் தொடங்கிற்று. அதனைக் கொண்டே மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டை 2016-இல் நாம் கொண்டாடினோம். சயாமின் தென்பகுதியிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைப் பினாங்குப் பள்ளிகளுக்கு அனுப்பினர். இங்கிருந்து பிற நாடு சென்றோரும் உண்டு. 1879-இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லர் மகனாய்ப் பிறந்த ஊ லியன் டே, ஃபிரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானார். 1910-11 ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கைத் துணி முகமூடியாலும் தனிமைப்படுத்தலாலும் அடக்கியவர் அவரே.

ஆனால், அக்காலப் பயணத்திற்கும் இக்காலப் பரிமாற்றத்திற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அன்று பயணம் ஒருவழிப் பாதை. கற்பிப்பவன் அங்கிருந்தான், கற்பவன் இங்கிருந்து போனான். இலண்டனிலிருந்து எந்தப் பிள்ளையும் நம்மிடம் கற்க வரவில்லை. வந்தவரெல்லாம் ஆள வந்தனர். இன்று வரும் பிள்ளையோ நம் பிள்ளைகளின் வரிசையில் நிற்கின்றது. மலாய் மொழி தெரியாமல் விழிக்கின்றது. பக்கத்திலிருப்பவளிடம் பாடம் கேட்கின்றது. இஃது உலக நடையில் ஒரு நல்ல மாறுதல் என்றே கொள்ளல் வேண்டும்.

பள்ளி வாழ்வில் இப்பிள்ளைகள் கலக்கும் முறையை நாம் அருகிருந்து காணும் வாய்ப்பு ஒன்று கிட்டியது. ஜார்ஜ் டவுனில் வாழும் நம் தமக்கையார் இல்லத்திற்கு, ஜெர்மனி நாட்டிலிருந்து பதினேழு வயதுடைய பெண்பிள்ளை ஒருத்தி பரிமாற்ற மாணவியாய் வந்தாள். பெயரை எழுதுதல் முறையன்று. விமான நிலையத்தில் அத்தான் மாலையிட்டு வரவேற்றார். பள்ளியில் திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவளை மேடையேற்றி அறிமுகம் செய்தார். பனி பெய்வது எப்படி என்று அவள் சொல்ல, ஆயிரம் பிள்ளைகள் கைதட்டினர்.

மறுநாள் முதல் அவள் நிலை வேறு. மற்றப் பெண்களைப்போல் பள்ளி உடை உடுத்தி, வெயிலில் வரிசை நின்று, நெகாராகூ பாடலின் சொற்களை ஒவ்வொன்றாய் மனனம் செய்தாள். ஆசிரியர் உள்ளே வந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் கூறுவது அவளுக்கு முதலில் நகைப்பாயிருந்ததாம். பின்னர் அதுவே காலைப்பொழுதிற்கு ஓர் ஒழுங்கு தருகின்றது என்றாள். விளையாட்டு இல்லத்தின் சார்பாக ஓடித் தோற்றாள். சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் பொட்டலத்தைக் கையாற் பிரித்து உண்ணப் பழகினாள். மலாய்ப் பாடத் தேர்வில் மிகக் குறைந்த எண் பெற்றாள். தன் நாட்டில் முதல் வரிசையில் நின்றவள் இங்கே கடைசி வரிசையில் நின்றாள். அதுவே அவள் பெற்ற முதற் கல்வி என்று நாம் கருதுகின்றோம். அறிவுடையார் எவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் அறிவிலியாய் ஓர் இடத்தில் அமர்ந்து பார்த்தல் நன்று.

அவளுக்கு மலாய் கற்பித்தவள் யாரெனில், அதே வகுப்பில் பின்பலகையில் இருந்த ஒரு தமிழ்ப் பெண். பெருநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு நகருக்குக் குடிபெயர்ந்தவள்; ஈராண்டாய் அவ்வகுப்பில் வாய் திறவாதிருந்தவள். ஊமையும் ஊமையும் கூடிப் பேசினார்கள் என்று தமக்கையார் வேடிக்கையாய்ச் சொன்னார்கள். அவ்வேடிக்கை நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஏனெனில், அவ்வாறு வாய் திறவாதிருந்த பிள்ளைகளுள் நாமும் ஒருவராயிருந்தோம்.

நம் நாட்டில் தமிழ்ப் பள்ளி ஆறாண்டோடு முடிகின்றது. தமிழ் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இல்லை. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப் பள்ளிகளிலிருந்து வெளிவரும் பிள்ளைகள், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், மொழி மாறி, ஆசிரியர் மாறி, தோழர் மாறி வேறோர் உலகிற்குள் நுழைகின்றனர். மலாய் மொழியில் தேறாதார்க்கெனப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாய் வைத்திருந்தனர். இது பரிமாற்றமன்றி வேறென்ன? கடல் கடக்கவில்லை, கடவுச்சீட்டு இல்லை, அவ்வளவே வேற்றுமை. நாம் விடியலிருளில் பேருந்தேறி, ஆங்கிலம் மேலோங்கிய ஒரு நகர்ப் பள்ளிக்குச் சென்றோம். நம் சட்டையில் ரப்பர்ப் பாலின் வாடை வீசுகின்றது என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்தினர். ஐந்தாண்டில் ஒருநாளேனும் எவரும் நம்மை மேடையேற்றி, உங்கள் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு எப்படி நடக்கும், பால்மரம் எப்படி வெட்டுவர், சொல் என்று கேட்டதில்லை. பனியைப் பற்றிக் கேட்கும் ஆவல் பாலைப் பற்றி ஏன் இல்லை?

இது பொறாமைப் பேச்சென்று அன்பர்கள் எண்ணற்க. அப்பெண் பெற்ற கைதட்டலைக் குறைக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. விருந்தென்பது புதியவர்க்குரியதாயின், அருகிருக்கும் புதியவர் ஏன் விருந்தாகார் என்பதே கேள்வி. இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் நாம் நம்மை நல்லவர் பக்கம் நிறுத்திக்கொண்டோம். அந்நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமக்கையார் குடும்பத்தோடு அப்பெண்ணும் நாம் எழுத்தராய்ப் பணிபுரியும் தோட்டத்திற்கு வந்தாள். ரப்பர் போய்ச் செம்பனை நிற்கும் தோட்டம் அது. நம் மக்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டனர். லயத்தில் இப்போது குடியிருப்போர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியருமே. நாம் வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலிகளிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அப்போது வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் வாயிற்படிக்கு வெளியே வந்து நின்றார். கையில் சம்பளச் சீட்டு. இரண்டு நாள் வேலை கணக்கில் விடுபட்டதாய் மெல்லிய குரலில் மலாயிற் சொன்னார். இன்று விடுமுறை, நாளை அலுவலகம் வா என்றோம் நாம். அவர் தலையசைத்தார், எனினும் போகவில்லை.

அப்பெண் எழுந்தாள். பெரியவர் வந்தால் எழுந்து இடம் தருவது தமிழர் வழக்கம் என்று தமக்கையாரின் மாமியார் அவளுக்குக் கற்பித்திருந்தார். அதன்படி தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, அமருமாறு சைகை காட்டினாள். அவர் அமரவில்லை, நம் முகத்தைப் பார்த்தார். தாழ்வாரத்தில் இருந்த யாவரும் நம் முகத்தைப் பார்த்தனர். அக்கணத்தின் நீளத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. பிறகு, உட்காருங்கள் என்று நாம் சொன்னோம். அவர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். தமக்கையார் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பெண் தன் அரைகுறை மலாயில் அவரிடம் பேசினாள். நானும் இந்நாட்டிற்குப் புதியவள், நீங்கள் வந்து எத்தனை நாள் என்றாள். ஈராண்டு என்றார். வயது இருபத்தொன்று என்றார். இங்கே உங்கள் குடும்பம் எது என்று அவள் கேட்டாள். அவள் கேட்டது, உங்களைப் பிள்ளையாய் ஏற்ற வீடு எது என்பதை. அவருக்கு அக்கேள்வி விளங்கவில்லை. ஊரில் தாயும் தங்கைகளும் உள்ளனர் என்றார். அவர் சென்றபின் அவள் நம்மை நோக்கி, அவர் பெயர் என்ன என்றாள். நமக்குத் தெரியவில்லை. செக்ரோல் புத்தகத்தில் அவருக்குரிய எண் தெரியும், பெயர் தெரியாது.

மறுநாள் புத்தகத்தைப் புரட்டினோம். இரண்டு நாள் வேலை விடுபட்டிருந்தது உண்மையே. விடுபட்டது நம் கையால்.

அன்பர்களே, இனி மறுப்புரைகளைப் பார்ப்போம். சிலர் கூறுவர்: பத்துத் திங்கள் தங்க வந்த சிறுபெண்ணுக்கு நம் வீட்டுமுறையில் தலையிட என்ன உரிமை? அவள் நாட்டில் குறையே இல்லையோ? இதனை நம் அத்தானும் கேட்டார், அவளிடமே கேட்டார். அவள் சினவாது சொன்ன விடை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் பிறநாடுகளோடும் ஒப்பந்தம் செய்து ஜெர்மனி தொழிலாளரை வரவழைத்தது. அவர்களுக்கு ஜெர்மானிய மொழியில் வழங்கிய பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விருந்துத் தொழிலாளர் என்றாகும். விருந்தென்று பெயரிட்டார்கள், ஆனால் வேலை முடிந்தால் போய்விடுவார்கள் என்று எண்ணியே அப்பெயரிட்டார்கள். தன் ஊரில் அவர்களின் பேரப்பிள்ளைகள் தன்னோடு படிப்பதாகவும், தான் இதுவரை அவர்களுள் ஒருவர் வீட்டிற்கும் சென்றதில்லை என்றும், தோட்டத்தில் அந்த இளைஞரைக் கண்டபோதுதான் அது நினைவிற்கு வந்ததென்றும் அவள் கூறினாள்.

பாருங்கள்! நம் தாழ்வாரத்தில் அவள் தன் வீட்டைக் கண்டாள். அவள் எழுந்து நின்றதில் நாம் நம் வீட்டைக் கண்டோம். பண்டப் பரிமாற்றத்தில் அவன் பொருள் எனக்கும் என் பொருள் அவனுக்கும் வந்து சேரும். மனிதப் பரிமாற்றத்திலோ அவனவன் பொருள் அவனவனுக்கே திரும்பி வருகின்றது. ஆனால் தெளிந்து வருகின்றது. இதுவே மிஞ்சும் ஊதியம்.

ஆதலின் உரிமை பற்றிய வினாவிற்கு நம் விடை இது. விருந்தாளிக்குத் தீர்ப்பளிக்கும் உரிமை இல்லை. வினவும் உரிமை உண்டு. தீர்ப்பு மேலிருந்து வருவது. வினாவோ சமநிலையில் நிற்பது; கேட்டவரையும் திருப்பிக் கேட்கலாம். ஆளவந்த வெள்ளையர் நம்மைப் பற்றி எழுதிக் குவித்த தீர்ப்புகளால் நமக்கு விளைந்த நன்மை சிறிது. பள்ளிப் பெண் ஒருத்தி நாற்காலியை நகர்த்திக் கேட்ட வினாவால் விளைந்தது பெரிது.

இன்னும் சிலர், அவரவர் வழக்கம் அவரவர்க்குப் பண்பாடு. அயலார் அதில் கைவைக்கலாகாது என்பர். இதிலும் பகுத்துணர்தல் வேண்டும். கோலமிடுவதும், காலணியைக் கழற்றி உள்ளே வருவதும், வலக்கையால் உண்பதும் வழக்கங்களே. இவற்றால் எவரும் தாழ்வதில்லை. வேலைக்காரர்க்குத் தனிக் குவளை வைப்பதும், கூலியாள் படிக்கு வெளியே நிற்பதும் வழக்கமென்றே வழங்கின. இரண்டையும் ஒரே பண்பாட்டுப் பெட்டியில் இட்டுப் பூட்டுவது அறிவுடைமையாகாது. வேறுபாட்டை அறியும் வழி எளிது. வழக்கத்தால் நன்மை பெறுபவரைக் கேளாதீர். அதைச் சுமப்பவரைக் கேளுங்கள். கோலமிடும் மூதாட்டியைக் கேட்டால் முகம் மலர்வார். படிக்கு வெளியே நின்றவரை எவரேனும் கேட்டதுண்டா?

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு. வரும் மாணவியும் வேலைக்கு வரும் தொழிலாளியும் ஒன்றாவரோ? அவள் கல்விக்கு வந்தாள், அவர் கூலிக்கு வந்தார். அவளுக்கு ஒரு வீடு, அவருக்கு ஓர் ஒப்பந்தம். எல்லார்க்கும் மாலையிட்டு வரவேற்க எவரால் இயலும் என்பர். ஒன்றல்லர் என்பதை ஒப்புகின்றோம். ஆயினும், கூலிக்கு வந்தவர் மாலைக்குரியர் அல்லர் என்னும் நீதியை ஏற்போமாயின், முதலில் நம் பாட்டனார்களைக் கைவிட வேண்டிவரும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கினவர்கள் கல்விக்கா வந்தார்கள்? அவர்களைக் கூட்டிவந்த கங்காணி மாலையா இட்டான்? ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்து, மருந்து நீர் தெளித்து, எண்ணிப் பார்த்துத் தோட்டங்களுக்கு ஏற்றினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பும் 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதன்பின் மூன்று தலைமுறைதான் ஆயிற்று. அதற்குள் படிக்கு உள்ளே அமர்ந்தவர் நாமாகவும், வெளியே நிற்பவர் வேறொருவராகவும் மாறிவிட்டோம். படி மட்டும் மாறவில்லை.

இதே பினாங்கில், மியான்மாரிலிருந்து தப்பிவந்த ரோகிங்கியாப் பிள்ளைகளும் வாழ்கின்றனர். அவர்களும் அயல்நாட்டுப் பிள்ளைகளே. அவர்களுக்கும் பதினைந்து வயது, பதினாறு வயது. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடாதலின், அரசுப் பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை; தொண்டர்கள் நடத்தும் சிறு வகுப்புகளே அவர்கள் கற்கும் இடம். சட்டத்தை மாற்றுதல் நம்போன்றார் கையில் இல்லை. ஆனால் விருந்து யார் என்னும் வினாவை எழுப்பியவர், அப்பிள்ளைகளைக் காணாதவர்போல் கடந்து செல்லலாகாது.

எல்லார்க்கும் மாலையிட இயலாது, உண்மை. ஆனால் நாற்காலி இட இயலும். பெயரைக் கேட்க இயலும். பரிமாற்ற மாணவரை ஏற்கும் வாய்ப்பு நகரத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கே உண்டு. வாய்ப்புள்ளவர் தவறாது ஏற்பாராக. அப்பிள்ளைக்குக் கோயிலையும் கடற்கரையையும் காட்டுவதோடு நில்லாது, நம் வீட்டின் பின்கட்டையும் காட்டுவாராக. காட்ட நாணுவதாயின், நாணத்தின் காரணத்தைத் திருத்துவாராக. பள்ளி ஆசிரியர்கள், அயல்நாட்டுப் பிள்ளையை மேடையேற்றும் அன்றே, தோட்டத்திலிருந்து புதிதாய் வந்த பிள்ளையையும் மேடையேற்றி, உன் ஊரைப்பற்றிச் சொல் என்று கேட்பாராக. அவ்வொரு நாள் அப்பிள்ளையின் நாவில் ஐந்தாண்டுப் பூட்டைத் திறக்கும். தோட்டத்து அன்பர்கள், தீபாவளியன்று பக்கத்து லயத்து அயல்நாட்டு இளைஞரை அழைத்து, தட்டில் பலகாரம் கொடுத்தனுப்பாமல், உடனிருத்தி உண்பாராக.

நம்மைப் பற்றியும் ஒன்று கூறி முடிக்கின்றோம். விடுபட்ட இரண்டு நாள் கூலி அடுத்த சம்பளத்தில் சேர்க்கப்பட்டது. அலுவலகத் தாழ்வாரத்தில் இப்போது ஒரு நீண்ட பலகை கிடக்கின்றது. கணக்குக் கேட்க வருவோர் அதில் அமர்ந்தே பேசுகின்றனர். இது பெரிய சீர்திருத்தமன்று. பலகையின் விலை மிகச் சிறிது. அதை இடுவதற்கு நமக்குப் பல ஆண்டு பிடித்தது என்பதே பெரிது. அப்பெண் தன் நாடு சென்று சில திங்கள் கழித்துத் தமக்கையாருக்கு எழுதிய கடிதத்தில், தோட்டத்து இளைஞர் நலமா என்று கேட்டிருந்தாள். விடை எழுதும் பொறுப்பைத் தமக்கையார் நம்மிடம் விட்டார். அவர் நலம் என்றும், மூத்த தங்கைக்குத் திருமணம் முடிந்தது என்றும் எழுதினோம். எண்ணை எழுதவில்லை, பெயரை எழுதினோம்.

வாயிலில் நிற்பவர் எவராயினும் அவர் பெயரைக் கேட்பதில் விருந்து தொடங்குகின்றது. இலையும் வடையும் அதன் பின்னரே.